மெஷின் சத்தத்தில் ஒரு வார்த்தை

லிஃப்ட்காரர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்றாரா, "வர்றேன்" என்றாரா என்பதில் அந்தக் கட்டடம் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல வருஷம் ஆகிறது. தண்ணீர்ப் பிரச்சினைக்குக்கூட அங்கே இவ்வளவு ஒழுங்காகக் கட்சி பிரிந்ததில்லை.

"போறேன்" கட்சிக்குத் தலைவி மூன்றாம் மாடி அக்கா. அன்றைக்குக் காலையில் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம், தன் காதாலேயே கேட்டாளாம். கீழே தெருவில் பஸ், உள்ளே அவள் வீட்டுக் குக்கர் விசில், நடுவில் மூன்று மாடி உயரம். இத்தனையையும் தாண்டி ஒரு மனிதன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது என்றால் அந்தக் காதை அருங்காட்சியகத்தில்தான் வைக்க வேண்டும். "வர்றேன்" கட்சிக்குத் தலைவர் முதல் மாடிப் பிழைதிருத்தி மாமா. அச்சகத்தில் ஆயுள் முழுக்க எழுத்துப்பிழை பார்த்து ஓய்வு பெற்றவர். "நம்ம பாஷையில வீட்டை விட்டுக் கிளம்புறவன் எவனாவது 'போறேன்'னு சொல்வானா? போயிட்டு வர்றேன்னுதான் சொல்வான். வேற மாதிரி காதுல விழுந்தா அது அச்சுப்பிழை" என்பார். அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்துவதில்லை. வயசுக்கு ஒரு மரியாதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டதோ அவளுக்குத்தான் அது காதில் விழவில்லை.

அவள் சாவிக்காரி. கட்டடத்தின் வாசலை ஒட்டிய பொந்து மாதிரி இடம்தான் அவள் கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். நடுவில் மெஷின். ஒரு பக்கம் பழைய சாவியை மாட்டி, இன்னொரு பக்கம் வெட்டாத சாவியை மாட்டி, சக்கரத்தை ஓட்டினால் இதன் பல் அதிலும் விழும். விழும்போது எழுகிற சத்தம் இருக்கிறதே, பல் டாக்டரிடம் போய் வந்தவர்கள் எதிர் ஓரமாக நடந்து போய்விடுவார்கள். அந்தச் சத்தத்துக்குள் இருந்தபோதுதான் அவள் புருஷன் எதிரே வந்து நின்றார், ஏதோ சொன்னார், போனார். நிழல் விழுந்து விலகியது தெரிந்து அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தெருவில் முதுகுதான் தெரிந்தது. தோளில் ஒரு பை, கையில் ஸ்பேனர் பெட்டி. நிமிர்ந்த அந்த நொடியில் கை வழுக்கி, வெட்டிக்கொண்டிருந்த சாவியில் ஒரு பல் கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. அதைக்கூட அவள் வாடிக்கைக்காரரிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாய் எங்கே திறந்தது!

சண்டை எதுவும் இல்லை. அக்காவுக்கு அதில் இன்றுவரை வருத்தம். வானளாவிய கட்டடங்கள் முளைக்கிற வேறொரு ஊரில் அவருக்கு லிஃப்ட் மாட்டுகிற வேலை கிடைத்தது, அவ்வளவுதான். முந்தின நாள் சாப்பிடும்போது, "நீயும் வாயேன். சாவி எல்லா ஊர்லயும்தானே தொலையுது" என்றார். சாவிக்காரி, "பார்க்கலாம்" என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வாள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதே "பார்க்கலாம்" என்றுதான் சொன்னாளாம். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மண்டபம் பிடித்தார்கள். இந்த முறை அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அப்புறம் போன்? இருவரிடமும் இருந்தது. முதலில் அவர் கூப்பிடட்டும் என்று இவள், இவள் கூப்பிடட்டும் என்று அவர். மாதம் ஒன்று தாண்டியதும் கூப்பிடக் கூச்சம். வருஷம் ஒன்று தாண்டியதும் கூப்பிட்டு என்ன பேசுவது என்ற பயம். இப்படியே போய்விட்டது.

அவள் ஏங்கினாளா என்றால், அதை அவள் முகத்தில் தேடினால் கிடைக்காது. காதில் தேட வேண்டும். கட்டடத்தின் தெருக்கதவுக்கு ஒரே பூட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சாவி. ஆனால் திறக்கிற கை வேறு வேறு இல்லையா? பொந்துக்குள் குனிந்தபடியே யார் வருகிறார்கள் என்று அவள் சொல்லிவிடுவாள். அக்கா சாவியைக் குத்துவாள். பிழைதிருத்தி மாமா முதலில் தலைகீழாகச் செருகுவார், எழுத்துப்பிழை பார்த்த மனிதர் சாவியில் தவறாமல் பிழை செய்வார். கட்டடச் சங்கத்துச் செக்ரட்டரி திறந்த கதவையே இன்னொரு தடவை திறந்து பார்ப்பார். லிஃப்ட்காரர் கை தனி. உள்ளே விட்டு, பின்பக்கம் லேசாக ஒரு அரைத் திருப்பு, பூட்டிடம் சௌக்கியமா என்று கேட்கிற மாதிரி, அப்புறம்தான் முன்பக்கம். மற்ற எல்லாச் சத்தமும் தினமும் வந்தன. அந்த ஒன்றுதான் வரவில்லை. ஒவ்வொரு தடவை சாவி உள்ளே போகும்போதும் அவள் கை அரத்தோடு நின்று, முன்பக்கம் திரும்பிய சத்தம் கேட்டதும் மறுபடி ஓடும்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வராதவர் தெருக்கதவுச் சாவியை ஏன் கொண்டுபோக வேண்டும்? சாவிக்கொத்தில் இருந்ததால் கூடவே போயிருக்கலாம் என்று மனசின் இன்னொரு மூலை சொல்லும். இரண்டுக்கும் அவள் இடம் கொடுத்திருந்தாள். வரமாட்டார் என்று தெரிந்தால் அழுது தீர்த்திருப்பாள். வருவார் என்று தெரிந்தால் அவர் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றியிருப்பாள். தெரியாததால் இரண்டையும் செய்யாமல் கடையைத் திறந்து, மூடி, காலத்தை ஓட்டினாள். பார்க்கப்போனால் அந்தச் சந்தேகம்தான் அவளுக்கு வீட்டில் துணை. பேசாது, குறட்டை விடாது, எங்கேயும் போகாது.

அந்தத் துணைக்கும் உலை வைக்கிற மாதிரி வந்து சேர்ந்தது செக்ரட்டரியின் தீர்மானம். தெருக்கதவின் பூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். இதற்கு முந்தின கூட்டங்களிலும் இந்தப் பேச்சு வந்ததுதான். ஒவ்வொரு முறையும் சாவிக்காரி "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே பென்சில் தூளும் எண்ணெயுமாகப் போய்ப் பூட்டை உட்கார்ந்து குளிப்பாட்டி இன்னும் சில மாதம் ஓட வைத்துவிடுவாள். இந்த முறை பூட்டு திறக்காமல் மாமாவே வெளியில் மாட்டிக்கொண்டு மழையில் நனைந்து சளி பிடித்துப் படுத்துவிட்டார். "வர்றேன்" கட்சித் தலைவரே பூட்டை மாற்றச் சொன்னால் தொண்டர்கள் என்ன செய்வார்கள்?

"ஞாயித்துக்கிழமை புதுப் பூட்டு மாட்டுறோம்" என்றார் செக்ரட்டரி. "எல்லா வீட்டுக்கும் சாவி நீங்கதான்மா வெட்டித் தரணும்."

"பார்க்கலாம்."

"பார்த்தாச்சும்மா. பூட்டு வாங்கியாச்சு."

படியிறங்கும்போது அக்கா கூடவே வந்தாள். "எனக்குப் புரியுதும்மா உன் கஷ்டம். அவர் நாளைக்கே வந்து நின்னா பழைய சாவி சேராதேன்னு பார்க்குற. அதுக்கென்ன, காலிங்பெல் இருக்குல்ல?"

"அவர் பெல் அடிக்கமாட்டார்க்கா."

"சொந்த வீட்டுக்குப் பெல் அடிக்க என்ன கௌரவம்?"

"சொந்த வீடுன்னு நினைச்சா அடிக்கமாட்டார். அடிச்சா, அப்படி நினைக்கலைன்னு அர்த்தம்."

 அக்கா பதில் சொல்லாமல் ஒரு படிக்கட்டை இறங்கியது கட்டடத்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் ஒரே நிமிஷத்தில் தீர்த்துவைக்கக்கூடிய ஆள் ஒருத்தி இருந்தாள். சாவிக்காரியின் நாத்தனார், அதாவது லிஃப்ட்காரரின் தங்கை. பின் தெருவில் பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. குரல் அப்படி, வலி இல்லாதவனும் எழுந்து உள்ளே போய்விடுவான். "அண்ணி வெட்டுறதும் பல்லு, எங்க டாக்டர் பிடுங்குறதும் பல்லு, நம்ம குடும்பமே பல்லுல ஓடுது" என்று சொல்லிக்கொண்டு வாரம் ஒருமுறையாவது வந்து கடை வாசலில் உட்காருவாள். அண்ணனோடு அவளுக்குப் பேச்சு உண்டு. அவர் எப்படி இருக்கிறார், யாரோடு இருக்கிறார், என்ன நினைப்பில் இருக்கிறார், எல்லாம் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறந்து, "அண்ணி, அண்ணன் போன வாரம்..." என்று ஆரம்பித்தால் போதும், சாவிக்காரியின் கை தானாகப் போய் மெஷினைத் தட்டிவிடும். கிர்ர்ரென்று ஒரு சத்தம். ஆஸ்பத்திரியையே நடுங்க வைக்கிற குரல் அந்தப் பொந்தில் மட்டும் எடுபடாது. மெஷின் நின்றதும், "என்ன சொன்ன? காபி போடவா?" என்பாள் சாவிக்காரி. நாத்தனாரும் பெருமூச்சு விட்டு, "போடுங்க" என்பாள். வருஷக்கணக்கில் இதுதான் நடைமுறை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரத்தில் ஒரு மத்தியானம். பக்கத்து டிரைவிங் ஸ்கூலின் பேர் போட்ட சட்டையோடு ஒரு பெண் வந்து, கல்லாப் பலகை மேல் ஒரு சாவியை டக்கென்று வைத்தாள்.

"இது நீங்க வெட்டினதுதான். எப்பவோ வெட்டினது. இதை வெச்சுக்கிட்டு நான் படுற பாடு கொஞ்சநஞ்சமில்லைங்க. விட்டா திறக்காது. ஒரு ஆட்டு ஆட்டி, இழுத்து, கொஞ்சினாத்தான் திறக்கும். புதுசா ஒண்ணு வெட்டிக் குடுங்க."

சாவிக்காரி கையில் எடுத்தாள். சாவியின் தலையில் ஒரு சின்னப் புள்ளி. அவள் அடிக்கிற அடையாளம்தான். பல்லைப் பார்த்தாள். மூன்றாவது பல் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தது.

அவள் கையில் இருந்து அப்படி ஒரு சாவிதான் வெளியே போயிருக்கிறது. அந்தக் காலையில், அந்த நொடியில். அன்றைக்குக் கடை முன் குடையோடு யாரோ நின்றது நினைவு. முகம் நினைவில்லை. முகம் இப்போது எதிரே நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கேட்டுவிடலாம். ஒரே கேள்வி. சாவிக்காரி செய்ததென்ன? கை போய் மெஷினைத் தட்டிவிட்டது.

டிரைவிங் டீச்சர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு நாள் முழுக்க உட்காருகிற பொறுமை அது. அப்புறம் எட்டிப் பார்த்து, தானே கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள்.

"சாவியே மாட்டாம எதுக்குங்க ஓட்டுறீங்க? நியூட்ரல்ல ஆக்சிலரேட்டர் மிதிக்கிற மாதிரி இருக்கு."

மெஷின் அடங்கியதும் தெரு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"அன்னிக்கு..." என்றாள் சாவிக்காரி.

"அன்னிக்கும் இப்படித்தான். நல்லாத்தான் வெட்டிக்கிட்டிருந்தீங்க. அந்த ஆள் வந்து நின்னாரு பாருங்க, அதுலதான் உங்க கை ஆடிருச்சு. தினம் இந்தச் சாவி மாட்டிக்கும்போதெல்லாம் அவரைத்தான் திட்டுவேன். சிக்னல் போடாம குறுக்க வந்து நிக்குற ஆளுங்கன்னாலே எனக்கு ஆகாது."

"பார்த்தீங்களா அவரை?"

"பக்கத்துல நிக்குறவரை எப்படிங்க பார்க்காம இருப்பேன்? தோள்ல பை, கையில ஒரு இரும்புப் பெட்டி. உங்க வீட்டுக்காரரா?"

சாவிக்காரி தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன சொன்னாரு?"

"உங்களுக்குக் கேக்கலையா?" டீச்சர் மெஷினைப் பார்த்தாள். "ஓ. இதுவா."

"போறேன்னாரா, வர்றேன்னாரா?"

"ரெண்டும் இல்லையே." டீச்சர் கண்ணைச் சுருக்கினாள். "வரட்டான்னாரு."

"என்னது?"

"வரட்டா? அப்படின்னு. கேட்டாருங்க. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் அங்கயே நின்னாரு. பதிலுக்கு நிக்குற மாதிரி. எனக்கே சங்கடமா இருந்துச்சு, உங்களைத் தட்டிக் கூப்பிடலாமான்னுகூட நினைச்சேன். அப்புறம் நீங்க தலையை ஆட்டினீங்க, அவர் போயிட்டாரு."

"நான் தலையை ஆட்டினேனா?"

"ஆட்டின மாதிரிதான் இருந்துச்சு." டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "நிஜமாச் சொன்னா, மெஷின் ஓடுறப்போ உங்க உடம்பே ஆடுதுங்க. அதுல தலையும் ஆடியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

சாவிக்காரி அந்தச் சாவியின் மூன்றாவது பல்லைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் அவர் வாயிலிருந்து வந்தது என்ன என்று ஒரு கட்டடமே தலையைப் பிய்த்துக்கொண்டது. தன் தலை என்ன சொன்னது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. "வரட்டா?" என்றால் என்ன? போயிட்டு வரட்டுமா என்று எல்லா வீட்டிலும் தினமும் கேட்பதுதான். நீயும் வர்றியா என்று கேட்டு, "பார்க்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்ட மனிதன், திரும்பி வரட்டுமா, வேண்டாமா என்று கேட்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும் கேள்வி. சந்தேகத்தோடு நின்றது அவர்தான். அந்தச் சந்தேகத்தை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, இவள் இன்னொருத்தி வீட்டுச் சாவியைக் கவனமாக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் கோணலாக.

மூன்றாவது பல்லின் ஆழத்தைக் கைக்கணக்கில் குறைத்துப் புதுச் சாவியை வெட்டி, பிசிர் போக அரம் தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கொடுத்தாள். பழையதை டீச்சர் தூக்கிப் போடச் சொன்னாள். சாவிக்காரி போடவில்லை.

அடுத்த நாட்களில் தெருக்கதவுக்கான புதுச் சாவிகளை வெட்ட ஆரம்பித்தாள். செக்ரட்டரிக்கு ஆச்சரியம். சனிக்கிழமை நாத்தனார் வந்தபோது வீட்டு வாரியாகச் சாவிகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் தனியாகக் கல்லாப் பலகை மேல் இருந்தது.

நாத்தனார் வழக்கம்போல் ஓரமாக உட்கார்ந்து, வழக்கம்போல் நம்பிக்கை இல்லாமல் ஆரம்பித்தாள். "அண்ணி, அண்ணன் போன வாரம்..."

சொல்லிவிட்டு மெஷின் சத்தத்துக்காக நிறுத்தினாள். சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். சாவிக்காரி மெஷினின் பிளக்கைக் கையில் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு. நீ சொல்லு."

இத்தனை வருஷம் இந்த வாய்ப்புக்காகக் காத்திருந்த நாத்தனாருக்கு, வாய்ப்புக் கிடைத்ததும் சொல்ல வந்தது மறந்துபோய்விட்டது. "அது... போன வாரம் பேசினாரு. நல்லா இருக்காரு. தனியாத்தான் இருக்காரு. முட்டி வலியாம், ஏணி ஏற முடியலையாம். லிஃப்ட்காரன் படியேறுற பொழப்பாப் போச்சுன்னு சிரிச்சாரு." பிடுங்கின பிளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. உன் அண்ணி ஏதாவது சொன்னாளான்னு."

"நீ என்ன சொல்வ?"

"என்ன சொல்றது? மெஷின் ஓட்டுறாங்கன்னு சொல்வேன்."

சாவிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு எதுவோ ஆயிற்று. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனியாக இருந்த சாவியை எடுத்து நாத்தனார் கையில் வைத்தாள்.

"இதை அவருக்கு அனுப்பிடு. தெருக்கதவுப் பூட்டை மாத்துறாங்க. பழசு சேராது."

"சரி."

"அப்புறம், அவர் கிளம்புறப்போ என்கிட்ட ஒண்ணு கேட்டாராம். வரட்டான்னு. எனக்குக் காதுல விழலைன்னு சொல்லு. தலை ஆடினது நான் ஆட்டினது இல்லைன்னு சொல்லு." இந்த இடத்தில் அவளுக்கே சந்தேகம் வந்தது. "ஆட்டலைன்னுதான் நினைக்கிறேன். சரி, அதை விடு. பதில் மட்டும் சொல்லு. வாங்கன்னு."

நாத்தனார் சாவியையும் அண்ணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. "எந்த 'வாங்க' அண்ணி? போயிட்டு வாங்கவா, கிளம்பி வாங்கவா?"

சாவிக்காரியின் உதடு "பார்க்க" வரைக்கும் போனது. அப்புறம் மூடிக்கொண்டது.

"வாங்க, அவ்வளவுதான். மிச்சத்தை அவர் யோசிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூட்டு மாறியது. பழைய பூட்டைச் செக்ரட்டரி குப்பையில் போடப்போக, சாவிக்காரி வாங்கி வைத்துக்கொண்டாள். புதுப் பூட்டில் எல்லோருடைய கையும் ஒரே மாதிரி தடுமாறியதால், வருவது யார் என்று அவளுக்குச் சில நாள் ஒன்றுமே புரியவில்லை. அக்காவை மாமா என்று நினைத்தாள், மாமாவைச் செக்ரட்டரி என்று நினைத்தாள். ஒவ்வொரு சாவியும் அவராக இருக்கலாம் போலிருந்தது. இது வேறு மாதிரி அவஸ்தை. பழைய சந்தேகம் மடியில் சுருண்டு கிடக்கும். இது வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தது. தலையணைக்கு உறை மாற்றினாள். துவைத்துப் போட்ட பழைய உறையை அக்கா பால்கனியிலிருந்து கொடியில் பார்த்துவிட்டாள்.

அவர் வந்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? கட்டடம் இப்போது மறுபடி இரண்டு கட்சி. "வருவார்" கட்சிக்குத் தலைவி, நம்பினால் நம்புங்கள், மூன்றாம் மாடி அக்கா. "வாங்கன்னு சொன்னா வராம இருப்பாரா?" என்கிறாள். எதிர்க்கட்சித் தலைவரான பிழைதிருத்தி மாமா தாடையைத் தடவிக்கொண்டு, "அந்த 'வாங்க'வுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கு" என்கிறார்.

சாவிக்காரி எந்தக் கட்சியிலும் இல்லை. கடையில் மட்டும் வேலை முன்னைவிட மெதுவாகத்தான் நடக்கிறது. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். காரணம் இதுதான். கல்லாப் பலகை மேல் ஒரு நிழல் விழுந்தால் போதும், சாவி பாதிப் பல்லில் இருந்தாலும் சரி, அவள் மெஷினை அணைத்துவிடுகிறாள். சக்கரம் சுற்றி முழுசாக அடங்கும்வரை காத்திருந்து, நிமிர்ந்து, எதிரே நிற்பது யாராக இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்.

"ஏதாவது சொன்னீங்களா?"